வேல்முருகன் கேட்ட அரைப் புள்ளி

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரியில் பதினெட்டு வருஷம் துளை போட்டவர் வேல்முருகன். ஆறு வருஷத்துக்கு முன் இரும்புக் குழாய் ஒன்று கழன்று முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, வலது தோளிலும் பலமில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பாவப்பட்டுப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. எனக்கு அப்படிப் பேச வராது. ஒத்துப்போயிற்று.

போர்வெல் வேலையில் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். லாரி நிழலில் உட்கார்ந்து செஸ் பழகியவர் அவர்.

இந்த வருஷம் மாவட்ட அணிக்கு நாமக்கல்லில் தேர்வுப் போட்டி நடந்தது. நான்கு பேரை எடுப்பார்கள். நடத்துகிறவர் ஒருவர் முன்பே சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்குதுங்க. சுளுவா கப்பு வாங்கிப்போடலாம்."

"குழாய் முதுகுலதானுங்க உளுந்துது. தலையில இல்லீங்களே."

கடைசிச் சுற்றில் ஒரு டிரா, அதாவது அரைப் புள்ளி, எடுத்தால் நான்காம் இடம். தோற்றால் ஒன்றுமில்லை. எதிரே சந்தோஷ்குமார் என்ற இன்ஜினியரிங் மாணவன்.

அரைமணிக்கு ஒரு தரம் வேல்முருகனைப் பக்கவாட்டில் சாய்த்து இரண்டு நிமிஷம் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்காருமிடத்தில் புண் வந்துவிடும். அதற்கு நடுவரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். மற்ற நேரம் வராந்தாவில் இருந்தேன்.

அங்கே ஒரு டிவி. ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் பார்த்து, நூற்றுக்கு எத்தனை வெற்றி, எத்தனை டிரா, எத்தனை தோல்வி என்று மூன்று நிறப் பட்டையில் காட்டிக்கொண்டிருந்தது. மாணவனுக்கு வெற்றி 84, டிரா 14, தோல்வி 2.

"முடிஞ்சுதுங்கம்மா," என்றார் மாணவனின் பயிற்சியாளர் குமரகுரு. "எங்க பையன் யானை வச்சிருக்கான். உங்காளுகிட்ட மந்திரி, அதான் பிஷப்பு, அது மட்டுந்தான். கூட்டிக்கிட்டு ஊட்டுக்குக் கெளம்புங்க."

குதிரை எப்படிப் போகும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நோயாளியின் சார்ட் படிக்கத் தெரியும். ஒருவர் மோசமாகிக்கொண்டே போனால் எண் ஏறும். இது இருபது நகர்த்தலாக 84-லேயே நின்றது.

"செயிக்கறவனுக்கு ஏறோணுமல்லங்க? இது ஏன் ஒரே எடத்துல நிக்குது?"

"மெசினுக்குத் தெரியாததாங்க?"

அடுத்த முறை நான் உள்ளே போனதும் குமரகுரு நடுவரைக் கூப்பிட்டார். இந்தம்மா டிவி பார்த்துவிட்டு வந்து ஆட்டக்காரரைத் தொடுகிறார், சைகை காட்டலாம் என்றார். புகாரில் நியாயம் இருந்தது. நடுவர் என்னைத் தனியே அழைத்து, "போதும்மா, நிறுத்திக்குங்க," என்றார். அதில் நியாயம் இல்லை.

"நிறுத்த முடியாதுங்க. டிவி பக்கம் போகாம இங்கியே உக்காந்துக்கறேன். புடிக்கறப்ப நீங்க பக்கத்துல நில்லுங்க. இல்லீன்னா நீங்களே புடிங்க, எப்படீன்னு காட்டித் தாரேன்."

அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் வேல்முருகனை உட்கார விடக்கூடாது. நான்கு மணி நேரம் தாண்டிவிட்டது. மாணவன் யானையை ஒவ்வொரு தரமும் வேறு கட்டத்துக்கு ஓட்டினான். வேல்முருகன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார், அடுத்த முறை திரும்பக் கொண்டுவந்தார். பிறகு மந்திரியை அதேபோல். சட்டையெல்லாம் வியர்வை. விட்டுவிடுங்கள் என்று எனக்கு வாய் வரை வந்தது. கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த தரம் சாய்த்துப் பிடிக்க எழுந்தேன்.

கடைசியில் வேல்முருகன் ஒரு நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு, ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தினார்.

"ஐயா, இதோட அம்பது நகர்த்தலாச்சுங்க. ஒரு காயும் வெட்டுப்படல, ஒரு சிப்பாயும் நகரல. விதிப்படி டிராங்க, எண்ணிப் பாருங்க."

நடுவர் இரண்டு தாளையும் வைத்து எண்ணினார். டிரா.

வராந்தாவில் குமரகுருவுக்கு மனசு ஆறவில்லை. "நாப்பதாவது நகர்த்தல் வரைக்கும் நீங்க தோக்கறதாத்தாங்க மெசின் காட்டுச்சு. அப்பறந்தான் டிரா பட்டை நீண்டுது."

"யானைக்கு மதிப்பு எச்சுன்னு அதுக்குத் தெரியுது. உள்ள நொழைய வழியில்லீன்னு அம்பது கிட்ட வந்தப்பறந்தான் தெரியுது," என்றார் வேல்முருகன். "துளை போடற பிட்டு பாறையில எறங்காம சும்மா சுத்தறது எனக்குச் சத்தத்துலயே தெரியுமுங்க."

வீட்டில் பார்த்தேன். வால் எலும்பின் மேல் சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை, புண்ணின் தொடக்கம். திட்டினேன். இரண்டு நாள் குப்புறப் படுக்கவைத்தேன். அப்படிப் படுத்தபடியே போனை நீட்டினார். அணிப் பட்டியலில் நான்காவது, வேல்முருகன். பக்கத்தில் எந்தப் பிரிவும் போடவில்லை.

"அடுத்த ஆட்டம் ஆறு மணி நேரங்கூட ஆகுமுங்க அக்கா."

"ஆகட்டும். நாற்காலிக்குக் காத்து மெத்தை வாங்கிப்போடலாம். நடுவரை நான் பாத்துக்கறேன்."