மறதிக்கார வண்டியும் நாடி அக்காவும்

தலை கீழே, கால் மேலே. ஓட்டுநர் இருக்கையின் சாய்மானத்தில் இரண்டு பாதங்களையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடக்கிறாள் நாடி அக்கா. கொண்டையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவுகிறாள். டாஷ்போர்டுக்குக் கீழே தூசி படிந்த பிளக்கில் இரண்டு ஓட்டைகளை அதைக்கொண்டு இணைக்கிறாள். பிறகு குட்டிக்கரணம் போடாத குறையாகப் புரண்டு எழுந்து உட்கார்ந்து, சாவியைத் திருப்புகிறாள். மீட்டரின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. நீளமாக மினுக்கினால் பத்து, குட்டியாக மினுக்கினால் ஒன்று. நாக்கால் 'டக் டக்' என்று கூடவே தாளம் போட்டு எண்ணுகிறாள்.

"இருபத்தொண்ணு. மூச்சு முட்டுது பாவம்."

"அப்போ ஆக்சிஜன் சென்சாரை மாத்திடலாமாக்கா?" என்கிறார் வண்டிக்காரர்.

"அவசரக்குடுக்கை! இந்த நம்பருங்கிறது வெறும் தெருப்பேரு. எந்த வீட்ல சண்டைன்னு நாமதான் கதவைத் தட்டிப் பாக்கணும்."

தட்டியும் பார்க்கிறாள். எஞ்சினை ஓடவிட்டு, அதில் ஒவ்வொரு ரப்பர் குழாயாக விரலால் தடவி, காதை வைத்துக் கேட்டு, வெடிப்பு விட்ட ஒன்றில் விரலை வைத்து அழுத்துகிறாள். எஞ்சினின் தள்ளாட்டம் நிற்கிறது. வண்டிக்காரர் வாயைப் பிளக்கிறார். பட்டறை வாசலில் 'ஆட்டோ எலக்ட்ரீஷியன்' என்று பலகை தொங்குகிறது, ஆனால் பலகையை யார் படிக்கிறார்கள்? எல்லோருக்கும் அவள் நாடி அக்காதான்.

இந்த எண்ணும் வியாதி பட்டறையோடு நின்றால் பரவாயில்லை. ஒருமுறை சினிமா பார்க்கப் போன இடத்தில், வெளியே போகும் வழியின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கதாநாயகி உயிருக்குப் போராடும் கட்டம். அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, "முப்பத்திரெண்டு!" என்று உரக்கச் சொன்னாள். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

பழைய வண்டிகளின் கம்ப்யூட்டர்களை அவள் குடும்பக் கணக்கில்தான் விளக்குவாள். "மூத்த மருமக இருக்காளே, வாயே தொறக்க மாட்டா. எல்லாம் கண் ஜாடைதான். கம்பெனிக்குக் கம்பெனி ஜாடை வேற. ஒரு வீட்ல பன்னெண்டுன்னா சௌக்கியம், பக்கத்து வீட்ல பன்னெண்டுன்னா சங்கடம்." அது ஹேர்பின் தலைமுறை. "நடு மருமக ரெண்டுங்கெட்டான். பாக்கறதுக்குப் புது பிளக்குதான். சொருகிப் பேச்சுக் குடுத்தா பொறந்த வீட்டு பாஷைய விடமாட்டா. கோளாறு படிக்கிற என் மிஷின் திருதிருன்னு முழிக்கும்." அப்படிப்பட்ட வண்டிகள் கொஞ்ச காலம்தான் வந்தன. ஆனால் அவளை அழவைத்தவை அவைதான். "கடைசி மருமக வாயாடி. எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒரே பிளக்கு, எல்லாருக்கும் புரியற பேச்சு. எஞ்சின் எப்போ இருமிச்சு, எப்போ தும்மிச்சுன்னு புட்டுப்புட்டு வெப்பா. ஆனா ரோஷக்காரி. பேட்டரியக் கழட்டினீங்களோ, தீந்துது கதை. எல்லாத்தையும் மறந்துட்டு, 'நீங்க யாரு?'ன்னு கேப்பா."

இந்தக் கடைசி மருமகள் வண்டி ஓடும்போதே ஒவ்வொரு உறுப்பையும் தானே சோதித்து, 'முடிந்தது' என்று மனதில் குறித்து வைத்துக்கொள்வாள். பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் அழிந்துவிடும். மறுபடி ஓட்டி, சோதனையெல்லாம் முடியும்வரை புகைப் பரிசோதனை நிலையத்தில் வண்டியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். 'பரிசோதனைக்குப் போறதுக்கு முன்னாடி பேட்டரில கை வெக்காதீங்க' என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்க வேண்டியவர், அவள் வீட்டுக்காரர்.

அவர் டாக்சி ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பதைவிடப் பேசுகிறார் என்பதே பொருத்தம். பேச்சு ஊறும் வாய், வற்றவே வற்றாது. சவாரி ஏறுகிறவர் இறங்குவதற்குள் தம் சம்பந்தி வீட்டுச் சண்டை வரை அவரிடம் சொல்லியிருப்பார். சவாரி கிடைக்காவிட்டால் வண்டியோடு பேசுவார். அந்த வண்டிக்கு இருபது வயதுக்கு மேல். போன வாரம் புகைப் பரிசோதனைக்குக் கடைசி நாள் வந்தது. அன்றைக்குத் தேறாவிட்டால் டாக்சி உரிமம் போகும். அத்தனை பழைய வண்டிக்கு மறுபடி உரிமம் கிடையாது. அவருடைய அண்ணன் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். தம்பிக்கென்று சுழல் நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா கக்கூஸ் பேசினுக்கு நடுவுல உக்காந்து யார்கிட்டம்மா பேசுவேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் வீட்டுக்காரர்.

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். அந்தப் பேச்சு இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று காலை பட்டறைக்குள் பெருமை வழிய வந்து நின்றார். "பரீட்சைக்குப் போற புள்ளை, ராத்திரி நிம்மதியா தூங்கட்டும்னு பேட்டரியக் கழட்டி வெச்சேன். இப்பத்தான் தேய்ச்சு மாட்டினேன். பளபளன்னு இருக்கு, வந்து பாரேன்!"

அவள் பார்க்கவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு, பட்டறையை ஒட்டிய வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு ஓடிச் சொருகினாள். சோதனை வரிசை முழுக்க 'முடியவில்லை', 'முடியவில்லை', 'முடியவில்லை'.

"புருஷனா நீங்க? எதிரி கம்பெனி ஆளா? எஞ்சினையும் போட்டுட்டீங்களா?"

"உன்னைக் கேக்காம போடுவேனா?"

"அந்தமட்டும் பொழைச்சோம். எஞ்சின் ஜில்லுன்னு இருக்குறப்பவே ஆரம்பிக்கணும். ஏறுங்க! நான் சொல்றபடி ஓட்டணும். வாயத் தொறக்கக் கூடாது."

பின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு பக்கக் கன்னம் வீங்க, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். "போற வழியில என்னைப் பல் டாக்டர் வாசல்ல எறக்கி விட்டுடுங்க."

வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது என்பதுதான் இந்த ஓட்டத்தின் முதல் விதி. அதை அவருக்குச் சொல்ல அப்போது யாருக்கும் தைரியம் வரவில்லை.

முதலில் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டார்கள். எஞ்சினுக்குச் சுமை வேண்டும் என்று பட்டப்பகலில் முன்விளக்கு, பின்விளக்கு, ஏசி எல்லாம் போட்டாள். பிறகு புறவழிச் சாலை. கொஞ்ச தூரம் ஒரே சீரான வேகம். அதன் பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கைத் தொடாமல் வண்டி தானாக வேகம் குறைய விடவேண்டும். முன்னும் பின்னும் சாலை காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொன்னாள். ஆனாலும் அவருக்குக் கால் அடங்கவில்லை.

"பிரேக்கைத் தொடாதீங்க!"

"நான் தொடலம்மா, காலு தொடுது!"

ஒரு கையால் முழங்காலைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டார். வண்டி நத்தையாக ஊர்ந்தது. தாண்டிப் போன லாரிக்காரர் தலையை நீட்டி, "ஓட்டறீங்களா, நடக்கப் பழகறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வலது பக்கத்தில் பெரிய பல் படம் போட்ட பலகை மெதுவாக நகர்ந்தது.

"டேய், டாக்டர் போறாருடா!" என்றார் மாமியார்.

"திரும்பி வருவோம் அத்தை, இதே வழிதான்."

திரும்பி வந்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை மாமியார் பலகைக்குக் கை காட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மிஷினில் ஒரு வரி 'முடிந்தது' என்று மாறியது. நாடி அக்கா கூவினாள். மாமியார் கைதட்டினார். இன்னொரு வரி மாறியது. "என்னைச் சிரிக்க வெக்காதீங்க, பல்லு உயிர் போகுது!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. பெட்ரோல் டேங்க் ஆவி சோதனை எப்படியும் அன்றைக்கு முடியாது. இந்த வயது வண்டிக்கு ஒன்று பாக்கி இருந்தால் விட்டுவிடுவார்கள். ஆனால் புகையைச் சுத்தம் செய்யும் குழலின் சோதனை முடிந்தே ஆகவேண்டும். அதுதான் அசையவில்லை. சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள். வெயில் சாய்ந்தது. நிலையம் மூடும் நேரம் நெருங்கியது.

அவள் மிஷின் திரையில் வேகத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். நேராக ஓடவேண்டிய கோடு ரம்பப்பல்லாக ஏறி இறங்கியது. சீரான வேகம் இல்லாமல் அந்தச் சோதனை முடியாது. ஓட்டுகிறவரைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து விறைக்க, ஒரு வார்த்தை பேசாமல் சாலையை வெறித்துக்கொண்டிருந்தார். ஆக்சிலேட்டரில் கால் நடுங்கியது. இத்தனை வருடத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை. அண்ணன் கடையில் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்ப்பதுபோல் அவளுக்கு இருந்தது. அப்போதுதான் புரிந்தது. கோளாறு வண்டியில் இல்லை, காலையில் தான் போட்ட உத்தரவில் இருந்தது.

"ஏங்க... பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது. நேத்து ஏறின சவாரி என்ன சொன்னாங்க?"

"அதை ஏன் கேக்கறே!" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் பள்ளிக்கூடத்தில் கட்டிப் புரண்டவர்கள் என்று தெரியவந்த கதை. மாமியார் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார். கதை ஓடியது. கழுத்து தளர்ந்தது, கால் நடுக்கம் நின்றது. திரையில் ரம்பப்பல் மழுங்கி, கோடு கிடையாகப் படுத்தது. கதையில் இரண்டு அப்பாக்களும் மறுபடி சட்டையைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் அந்தக் கடைசி வரி 'முடிந்தது' என்று மாறியது. அவள் கூவவில்லை. கதை முடியட்டும் என்று மிஷினை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

பரிசோதனைக் கூடத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். குனிந்து பார்த்த அதிகாரி, "ஒரே ஒரு வண்டிதான், வாங்க" என்றார். கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்காரர் அம்மாவோடு இறங்கிவிட்டதால், நாடி அக்காவே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அதிகாரி தம் மிஷினைச் சொருகினார். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. அத்தனை வண்டிகளுக்கு நாடி பார்த்தவளுக்கு அந்த மனிதரின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அவர் திரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். புகைக் குழாயில் ஒரு கம்பியை விட்டு அளந்தார். பிறகு மேஜைக்குப் போய், எதையோ தேடி எடுத்து வந்து, பின்தாளை உரித்தார்.

"ஒண்ணு பாக்கி இருக்கும்மா. பரவால்ல, பழைய வண்டிதானே" என்று சொல்லிக்கொண்டே தேர்ச்சி ஸ்டிக்கரை முன்கண்ணாடியில் ஒட்டினார்.

வெளியே வீட்டுக்காரர் தம் அம்மாவைக் கட்டிப் பிடிக்க, அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார். கூடத்தின் சுவரில் 'ஹார்ன் அடிக்காதீர்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. நாடி அக்கா அதை ஒருமுறை நிதானமாகப் படித்தாள். பிறகு இரண்டு முழங்கைகளையும் ஹார்ன் மேல் ஊன்றி, அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவரும்வரை எடுக்கவே இல்லை.