ராஜா செத்தபோது ஊதிய சங்கு

ரிட்டயராகிறேன், நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸ் சாவியை இந்த மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டும். சாமான் கட்டுகிறேன் என்று பெயர்தான். பாதி நேரம் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறேன். அலுப்பு, வேறொன்றும் இல்லை. என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் மகள் போனைப் பிடுங்கி, "உன் காலத்துப் பாட்டு ஏதாவது சொல்லுப்பா, போட்டுவிடறேன்" என்றாள். ஏனோ எழுபதுகளில் வந்த அந்த இங்கிலீஷ் ராக் ஆல்பம் ஞாபகம் வந்தது. பெயரைச் சொன்னதுமே வந்துவிட்டது. அட்டையில் அதே ஆள். முகமெல்லாம் வெள்ளைச் சாயம், தலையில் உடைந்த கிரீடம்.

பார்த்ததும் எனக்குக் காபிக்கொட்டை வறுக்கிற வாசனை அடித்தது. எங்கள் பெரிய இன்ஜினியர் வீட்டு வாசனை அது. சுரங்க மிஷின் பயிற்சிக்கு ஜெர்மனி போன மற்றவர்கள் பேனா, சாக்லேட் என்று வாங்கிவர, அவர் இந்த இசைத்தட்டை வாங்கி வந்தார். ரிட்டயராகிக் கிளம்பும்போது, ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அதைக் கேசட்டில் பதிந்து என்னிடம் கொடுத்தார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அவருடைய பீரோவை லாரியில் ஏற்றியதற்குக் கூலியாக இருக்கலாம்.

அதை என்னோடு உட்கார்ந்து கேட்டவன் செல்வராசு. என்னோடு கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன், சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துக்காரன். அட்டையில் இருந்த கிரீடக்காரனைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். முதல் தடவை கேட்டதுமே, "சார், இது நம்ம கூத்து சார்! இவன் ராஜா. பின்னால இளிச்சிகினு வர்றான் பாருங்க, அவன் கட்டியங்காரன்" என்றான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவன் நம்பினான், நானும் கெடுக்கவில்லை. இடி, ஜனக்கூச்சல், சிரிப்பு என்று ஒரே கதையாகப் போகும். கடைசியில் ராஜா கத்திப் பாடி மூச்சு வாங்கி நிற்பான். அப்போது நீளமாக ஒரு சங்கு, ஆலைகளில் ஊதுகிற மாதிரியே. அப்புறம் கோரஸ்.

"ராஜாவுக்கு ஷிப்ட் முடிஞ்சிடுச்சி சார்" என்பான் செல்வராசு. வெள்ளைக்காரன் மூளையே மூளை என்று நானும் தலையாட்டுவேன்.

அப்போது அவன் ஊரைச் சுரங்கம் நெருங்கியிருந்தது, ஊரையே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த வருடத் திருவிழாதான் பழைய இடத்தில் கடைசி. அந்த மண்ணில் ஒரே ஒரு தடவை ராஜா வேஷம் கட்டிவிட வேண்டும் என்று செல்வராசு துடித்தான். கூத்துக்காரர்கள் அவனைத் திரை பிடிக்க மட்டும்தான் விடுவார்கள். குரல் அப்படி, தகரத்தை இழுத்த மாதிரி இருக்கும். "குரல் இல்லன்னா இன்னா சார், அதான் கேசட்டுல ஒருத்தன் பாடிகினு கெடக்கறானே!" என்றான்.

கூத்து வாத்தியாரிடம் கெஞ்சி, கூத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாங்கினான். பொழுது சாய்ந்ததும் மைக் செட்டில் கேசட் ஓடியது. அரிதாரம் பூசி, அட்டைக் கிரீடம் வைத்து, வாயசைத்து ஆடினான். முதலில் ஊரே சிரித்தது. போகப்போக அடங்கிவிட்டது. ராஜா தள்ளாடி முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி நெஞ்சில் அப்பிக்கொண்டான். பக்கத்தில் ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கேசட்டில் சங்கு ஊதியது.

அவ்வளவுதான். நைட் ஷிப்ட்டுக்காரர்கள் விருட்டென்று எழுந்து, டிபன் பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கும் ரோட்டுக்கு ஓடினார்கள். "இன்னாடா இது, என் வாட்ச் நின்னு போச்சா?" என்று ஒருவர் மணிக்கட்டை உதறிக்கொண்டே ஓடினார். புருஷன்மாரை வழியனுப்பப் பெண்களும் எழுந்தார்கள். ராஜா செத்துக் கிடந்தான். பார்க்கப் பாதி ஊர் இல்லை.

கிட்டே போனேன். கண்ணைத் திறக்காமலே, "எல்லாரும் பூட்டாங்களா சார்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். கேசட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது போனில் அதே இடம் வந்தது. ராஜா மூச்சு வாங்கினான். நான் காத்திருந்தேன். சங்கு வரவில்லை, நேராகக் கோரஸ். திருப்பிப் போட்டேன். அப்போதும் இல்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அது எங்கள் ஊர் ஷிப்ட் சங்கு. இன்ஜினியர் வீட்டு ஜன்னல் வழியாக வந்து கேசட்டில் ஏறியிருக்கிறது. தினமும் கேட்பதை நாங்கள் சீமைச் சங்கு என்று மெச்சியிருக்கிறோம். பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஜனங்கள்தான் சரியாகக் கேட்டிருக்கிறார்கள்.

செல்வராசுவுக்குப் போன் போட்டேன். வடலூர் பக்கம் மாற்றுக் குடியிருப்பில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அதுல ராஜா சாவலியா சார்?"

"இல்லப்பா. பாடிக்கிட்டே போறான்."

"அப்ப நான் மட்டுந்தான் செத்துகினு கெடந்தனா?" சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தச் சங்கை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. எங்கள் பிளாக்கில் இப்போது சங்குச் சத்தமே கேட்பதில்லை.

"பழைய வூட்டுக் கூரை எரவானத்துல சொருவி வச்சன் சார். காலி பண்ற அவசரத்துல மறந்துட்டன்."

அந்த வீடும் இல்லை, அவன் ஆடிய இடமும் இல்லை. அங்கே இப்போது பள்ளம். ராஜா நெஞ்சில் அப்பிக்கொண்ட அந்த மண்ணை மிஷின் வெட்டி பெல்ட்டில் கொட்டியது. அந்த பெல்ட்டை ஓட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான்.