அண்ணா வாங்காத விருது

விருது வாங்கப் போவதாக இருந்தவர் என் அண்ணா. அதற்காகச் சஃபாரி சூட் தைத்துக்கொண்டவன் நான். மாட்டுங்காவில் தையற்காரர், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டபோது, "கெமிஸ்ட்ரிக்கு" என்று பெருமையாகப் பதில் சொன்ன அசடும் நானே. அந்தச் சூட் இன்றுவரை எந்த மேடையையும் பார்த்ததில்லை. முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைப் புரட்டும் உறவினர்கள், அண்ணா பெற்ற விருதுகளின் பக்கம் எங்கே என்று தேடக்கூடும். அப்படி ஒரு பக்கம் கிடையாது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவை இழந்து பம்பாய்க்கு வந்தார். மாமா வீட்டுச் சமையலறையில் படுத்து, பகலில் மருந்துக் கம்பெனி ஒன்றில் பாட்டில் கழுவி, மற்ற நேரத்தில் படித்து, வேதியியல் பேராசிரியரானார். செம்பூரில் குடியேறி என்னையும் படிக்க வைத்தார். நான் படித்த லட்சணத்தைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

எண்பதுகளின் தொடக்கத்தில், தாராவித் தோல் பட்டறைகளின் கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சி அண்ணாவின் மேற்பார்வையில் நடந்தது. செய்தவர் அவருடைய மாணவி ஜுபைதா. தாராவியில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்துப் பெண்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சங்கம் சிறந்த வேதியியல் பேராசிரியருக்கு விருது அறிவித்தது. தகுதியானவரைத் தேடி விருது வரும் என்று நினைப்பவர்கள் என்னைப் போல் ஏமாளிகள். தகுதியானவர், தாம் எப்பேர்ப்பட்டவர் என்று தாமே எழுதி, துறைத் தலைவரின் சிபாரிசோடு அனுப்ப வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணே தன் மூக்கின் அழகை விவரிப்பது போன்ற காரியம். அண்ணா விண்ணப்பத் தாளைப் பழைய பேப்பர்க் கட்டில் செருகினார். "நாலு பேருக்குத் தெரியட்டுமேண்ணா" என்று நச்சரித்து எழுத வைத்தவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைத் தலைவரே வீட்டுக்கு வந்தார். மன்னி காபி கொடுத்தார்.

"கமிட்டியிலே பேசியாச்சு ஸார். நம்மவா ஒருத்தர் வாங்கட்டுமேன்னு பார்க்கறேன். ஒரே ஒரு விஷயம். அந்தப் பொண்ணு பேரை எடுத்துடுங்கோ. எல்லாம் நீங்களே பண்ணினதுன்னு ஒரு கையெழுத்து. வழிகாட்டின்னு என் பேரை ஓரமாப் போட்டுக்கலாம்."

"அவ தீசிஸே அதுதானே ஸார்" என்றார் அண்ணா. "நான் பண்ணினேன்னு கையெழுத்துப் போட்டா அவளுக்கு எப்படி டாக்டரேட் கொடுப்பா?"

"வேற டாபிக் கொடுங்கோ. இன்னும் கொஞ்ச வருஷம் பண்ணட்டுமே."

"அவ பட்டறைத் தண்ணியைத் தூக்கிண்டு வரான்னு ரயில்லே லேடீஸ் டப்பாவிலே மூக்கைப் பொத்திண்டு இறக்கி விடறா. அடுத்த வண்டியிலே ஏறி வரா."

"அது கூலி வேலை ஸார். ஆராய்ச்சியா?"

அண்ணா உள்ளே திரும்பி, "ஸார் கிளம்பறார். டம்ளரை எடுத்துண்டு போயிடு" என்றார். டம்ளரில் பாதிக் காபி இருந்தது. மன்னி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மட்டும் துறைத் தலைவர் பின்னாலேயே மாடிப்படி வரை ஓடினேன். "நான் பேசிச் சரி பண்றேன் ஸார்!" அவருடைய செருப்பைத் திருப்பி வைத்ததாகக்கூட ஞாபகம். இப்போது நினைத்தாலும் கையைக் கழுவத் தோன்றுகிறது.

அவ்வருட விருது அந்தத் துறைத் தலைவருக்கே போயிற்று. தோல் பட்டறைக் கழிவுநீர் ஆராய்ச்சியை ஊக்குவித்தமைக்காகவாம். ஜுபைதா டாக்டர் ஆனார். அண்ணா அதன்பின் எந்த விருதுக்கும் மனுப் போடவில்லை.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அமைதியாகவே போனார். அமைதியைக் கெடுத்தது இரங்கல் கூட்டம். துறைத் தலைவர் வந்து, "இவரை உருவாக்கியவன் நான்" என்று தழுதழுத்து, படத்துக்குச் சால்வை போர்த்தினார். அதன் ஓரத்தில் முந்தைய விழாவின் சந்தனக் கறை. மன்னி அதை எடுத்து நிதானமாக மடித்து, "அடுத்த ஃபங்ஷனுக்கு வேண்டியிருக்கும்" என்று அவர் கையிலேயே கொடுத்தார்.

இரவு பகலாகத் துணை நின்ற ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், செம்பூர் அண்டை வீட்டாருக்கும், விக்ரோலியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த மாணவர்களுக்கும், ஒரு மாணவிக்காகத் தம் பெருமையைத் தியாகம் செய்த அண்ணாவைப் புரிந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை ஜுபைதாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் எழுதியிருக்கீய. ஆனா எனக்காவத் தியாகம்லாம் ஒண்ணும் இல்ல சார். ஏன் விருது வேண்டாம்னுட்டீயன்னு ஒங்க அண்ணன்கிட்ட நான் நேராவே கேட்டேன். அந்தாளு பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும்னு நெனச்சாலே கொமட்டுதுன்னுதான் சொன்னாவ."