எல்லாக் குழாயிலும் காணாமல் போன ஓரம்

தொலைதூர இலக்கைச் சுடுகிறவர்களுக்கு ரைஃபிள் ஸ்கோப், அதாவது துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய், தேர்ந்து கொடுக்கும் தொழிலில், வெடிச்சத்தம் கேட்பதற்கு முன்பே நடுங்கத் தொடங்குகிறவன் கடைக்காரன்தான். வாய்மொழிக் கதைகளின் வேறுவடிவங்களைத் தொகுத்து ஒப்பிடுவது கல்லூரியில் என் வேலையாக இருந்தது. ஓய்வுபெற்றபின், தென்காசியில் என் மருமகன் நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தேன். பாதி ஆண்டு அவர் துபாயில் இருப்பவர். முன்பக்கம் மூக்குக்கண்ணாடிகளும், குற்றாலத்துக்கு வருகிறவர்கள் வாங்கும் பைனாகுலர்களும் இருக்கும். துப்பாக்கி உரிமம் பெற்ற போட்டிக்காரர்களுக்கான ஸ்கோப்புகள் பின்பக்க அலமாரியில். அந்த அலமாரிச் சாவி என் கைக்கு வந்த அன்றே நிம்மதி கையைவிட்டுப் போயிற்று. பிறர் கண்ணுக்கென்று ஒரு பொருளைத் தேர்ந்து கொடுத்துவிட்டு, அது பொருந்தவேண்டுமே என்ற கவலையில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே வண்டியில் வந்தவர்கள். கூச்சமின்றி மேலே படிக்கலாம்.

ஒரு கண், மூன்று ஊர்

ஸ்கோப்பின் பின்முனைக்கும் சுடுகிறவரின் கண்ணுக்கும் நடுவே ஒரு கையகல இடைவெளி வேண்டும். குண்டு முன்னே பாயும் கணத்தில் துப்பாக்கி பின்னே உதைக்கும். இடைவெளி குறைந்தால் குழாயின் விளிம்பு புருவத்தைப் பிறைநிலாப் போல வெட்டிவிடும். இதை நான் முதலில் அறிந்தது கதையாகத்தான். முன்னாள் ராணுவத்தார் ஒருவருக்கு ஸ்கோப் அடித்து இடக்கண் போயிற்றென்று ராயகிரிக்காரர் ஒருவர் சொன்னார். இலக்கு தெளியவில்லை என்று அவர் முகத்தை நெருக்கி வைத்தாராம். செங்கோட்டைக்காரர் சொன்ன வடிவத்தில், குழாயைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் தளர்ந்திருந்தது. கடையநல்லூர் வடிவத்திலோ, காற்றுத்துப்பாக்கிக்கான மெல்லிய ஸ்கோப்பைப் பெரிய ரைஃபிளில் பூட்டிவிட்டார்கள்.

காரணம் ஊருக்கு ஊர் மாறிற்று; இடக்கண்ணும் ராணுவமும் மாறவில்லை. ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் கதையில் மாறாமல் நிற்பது, பெரும்பாலும் உண்மையில் நடந்ததாகவே இருக்கும். என் துறையில் நெடுநாள் நம்பிவந்த விதி அது. ஆகவே, கண்ணிழந்த அந்த மனிதர் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார் என்று முடிவுகட்டினேன். முடிவுகட்டியபின் பயம் இரட்டித்தது. அதுமுதல் எவர் வந்து ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தாலும் என் உள்ளங்கை தானாக அவர் புருவத்துக்கும் குழாய்க்கும் நடுவே போய்விடும். கடையில் பார்வை பரிசோதிக்கும் ஜன்னத் ஒருநாள் பொறுமையிழந்து சொன்னாள்: "சார், நீங்க இப்படிக் கைய வச்சா அவரு மலையையா பாப்பாரு? உங்க கைரேகையத்தான் பாக்கணும்."

கதைக்குள்ளிருந்து வந்தவர்

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற செல்லையா, வாசுதேவநல்லூரிலிருந்து மனைவி சொர்ணத்தோடு படியேறி வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடக்கண் வெளிறிக் கிடந்தது. இடப்புருவத்தில் பிறைவடிவத் தழும்பு. மூன்று ஊர்க்காரர்கள் சொன்ன கதை என் முன்னே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. 

அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர். இடத்தோளில் துப்பாக்கியை வைத்து இடக்கண்ணால் சுட்டுப் பதக்கங்கள் வாங்கியவர். இப்போது வலத்தோளுக்கு மாறிப் புதிதாகப் பழகுகிறார். ரைஃபிள் சங்கம் மூத்தோருக்கு நடத்தும் முந்நூறு மீட்டர் போட்டியில் கலந்துகொள்ளவேண்டும். அதற்கு ஸ்கோப் வேண்டும். இடக்கண் எப்படிப் போயிற்று என்று மெல்லக் கேட்டேன். "அது பெரிய கத. ஊருக்கே தெரியும், உமக்குத் தெரியாதாக்கும்?" என்று முடித்துக்கொண்டார். இருக்கும் ஒரே கண்ணுக்கு எதிரே என் தேர்வு நிற்கப்போகிறது. அது தவறினால் அவருக்குப் பகலும் இல்லை. அலமாரியைத் திறந்து, அதிலிருந்த குழாய்களையெல்லாம் காரணமின்றி ஒருமுறை எண்ணினேன். வாசலோர நாற்காலியிலிருந்து சொர்ணம் சொன்னார்: "எந்தக் கொழா நல்லதுன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. இந்த மனுசன் இருட்டுல விழுந்தா காலம்பூராக் கையப் புடிச்சிக் கூட்டிட்டு அலையப்போறது நான். அத நெனச்சி எடுங்க."

போண்டாவுக்கு வந்த ஆபத்து

சாரல் காலம். மேற்கே மலை பாதி மேகத்துள் இருந்தது. கண்ணிடைவெளி அதிகமுள்ள ஸ்கோப் ஒன்றை எடுத்து, துப்பாக்கி ஏதுமின்றி வெறும் குழாயாகவே வாசலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சுபேதாருக்குப் பழக்கம் விடவில்லை. கதவு நிலையில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி, உடம்பைக் கல்லாக்கி நின்றார். எதிர்த் தேநீர்க்கடை பெஞ்சில் இருந்தவர்கள் இதைக் கண்டார்கள். ஒருவர் தம்ளரோடு மேசைக்கடியில் போனார். இன்னொருவர் செய்தித்தாளை விரித்து அதன் பின்னே ஒளிந்தார். தாள் குண்டைத் தடுக்குமென்று நம்பினார்போலும்.

நான் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, அது வெறும் கண்ணாடிக் குழாய் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சுபேதார், குழாய்க்குள் தெரியும் வட்டத்தின் இடப்பக்க ஓரம் தெரியவில்லை என்றார். கண் குழாயின் நடுவே அமையாவிட்டால் ஓரத்தில் பிறைபோல நிழல் விழும். புதிதாக வலக்கண்ணுக்கு மாறியவருக்கு இது இயல்பே. அப்படியே அவருக்கும் சொல்லி, வேறு நிறுவனத்தின் ஸ்கோப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் மறுபடி முழங்கையை ஊன்றியதும் தேநீர்க்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார்: "ஏ பெரியவரே, மலையப் பாக்கணும்னா மலைக்குப் போவும்வே! எங்க போண்டாவுக்கு எதுக்குக் குறி வைக்கீரு?"

கரிசலில் கானல்

குழாயின் தரம் சுடுதளத்தில்தான் தெரியும். அலமாரியிலிருந்து மூன்று ஸ்கோப்புகளை எடுத்துக்கொண்டு சுபேதாரோடு திருவேங்கடம் ஊருக்குப் பக்கத்திலுள்ள ரைஃபிள் சங்கத்தின் சுடுதளத்துக்குப் போனேன். தென்காசியில் சட்டை நனைத்த சாரல் அங்கே பெயரளவுக்கும் இல்லை. கரிசல் வெந்துகொண்டிருந்தது. பவர், அதாவது பெரிதாக்கிக் காட்டும் திறன், அதிகமான ஸ்கோப்பே சிறந்ததென்று வருகிறவர் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த வெயிலில் பவரைக் கூட்டினால் இலக்கோடு கானலும் பெருகும். இலக்குப் பலகை கொதிநீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். பவர் குறைந்த ஸ்கோப்பில்தான் அது ஒருவாறு நின்றது. அதையே எடுக்கலாம் என்று எனக்குள் முடிவாயிற்று.

ஆனால் மூன்றிலும் இடப்பக்க ஓரம் இல்லை என்றார் சுபேதார். சுடுதளப் பொறுப்பாளர் ஞானராஜ் அதைக் கேட்டுச் சிரித்தார். "தலையக் கொஞ்சம் பின்னால எடும். நெழலு விழுது, வேற ஒண்ணுமில்ல." துப்பாக்கிக்காரர் எவரைக் கேட்டாலும் வரும் விடை அது. சுபேதார் தலையைப் பின்னே எடுத்தார், முன்னே வைத்தார், இடமும் வலமும் நகர்த்தினார். நான் அவர் புருவத்தருகே கையை வைத்தபடி மண்டியிட்டிருந்தேன். குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்: "நடுவுல நம்ம பலக இருக்கு. வலதுல பக்கத்துப் பலகயும் இருக்கு. இடதுல நின்ன பலகய யாருவே எடுத்தது?"

இடப்பக்கப் பலகை எங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிய, வெயிலில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

மாறாத கூறு

திரும்பும் வழியெல்லாம் என் பழைய பாடம் ஒன்று மனத்தில் ஓடிற்று. ஒரே கதையைப் பலர் சொல்லும்போது மாறாமல் வருவது கதைக்கு உரியது. பல கதைகளை ஒருவரே சொல்லும்போது, எல்லாவற்றிலும் மாறாமல் வருவது சொல்கிறவருக்கு உரியது. இவ்விரண்டாம் விதியை மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். குழாய்கள் வேறு, செய்த நிறுவனங்கள் வேறு, பவர் வேறு; காணாமல் போன ஓரம் ஒன்றே. நிழலாக இருந்தால் தலை அசையும்போது அதுவும் இடம்மாறும். இது அசையவே இல்லை. அப்படியானால் ஓரம் போனது குழாயில் அன்று. போனது அவர் கண்ணில்.

கடைக்கு வந்ததும் ஸ்கோப்புகளை உறையிலேயே விட்டுவிட்டு ஜன்னத்தைக் கூப்பிட்டேன். சுபேதாரின் எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, விரலைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தாள் அவள். வலப்பக்கம் உடனே தெரிந்தது. இடப்பக்கம் விரல் அவள் மூக்கருகே வரும்வரை தெரிகிறது என்று அவர் சொல்லவில்லை. ஜன்னத்தின் முகத்தில் விளையாட்டு நின்றுபோயிற்று. "இன்னைக்கே பெரிய டாக்டர்ட்ட போகணும்" என்றாள். கடையில் காத்திருந்த சொர்ணம் எழுந்து நின்றார்.

சுபேதார் தம் இடக்கண்ணைத் தொட்டார். பிறகு, "அந்தக் கண்ணும் இப்படித்தான் ஆரம்பிச்சிது" என்றார். ஸ்கோப் அடித்தது உண்மை. ஆனால் அது புருவத்தை வெட்டியதோடு சரி. கண்ணைக் கொண்டுபோனது கண்ணுக்குள் ஏறிய அழுத்தம். தினமும் விடச்சொன்ன சொட்டு மருந்தை, வலி இல்லையே என்று நிறுத்திவிட்டார். ராயகிரி, செங்கோட்டை, கடையநல்லூர் வடிவங்கள் அத்தனைக்கும் மூலம் அவர் வாய்தான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சொட்டு மருந்து விடாமக் கண்ணு போச்சின்னா ஊரு சிரிக்கும்வே. துப்பாக்கி அடிச்சிப் போச்சின்னா எந்திரிச்சி நின்னு வழி விடும்."

ஆஸ்பத்திரி பெஞ்சில்

திருநெல்வேலியில் கண் மருத்துவமனைப் பெஞ்சில் நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட்டார்கள், ஒரு கருவியில் முகத்தைப் பொருத்தச் சொன்னார்கள். அது ஸ்கோப்பைப் போலவே இருந்ததால் என் கை பழக்கத்தில் நீண்டது. செவிலியர் அதைத் தட்டிவிட்டார். கடை வாசலில் கல்லாக நின்ற மனிதர் அங்கே நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தார். சொர்ணம் அதன் காலுக்குப் பின்னே தன் பையை வைத்துத் தடுத்தார்.

போன ஓரம் திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்றார் மருத்துவர். ஆயுள்முழுதும் சொட்டு மருந்து, தவறாத பரிசோதனை. இன்னும் சில மாதம் தாமதித்திருந்தால் நடுப்பார்வையும் போயிருக்கக்கூடும் என்றும் சொன்னார். சுடலாமா என்று சுபேதார் கேட்டார். மருந்தை நிறுத்தாதவரை சுடுவதையும் நிறுத்தவேண்டியதில்லை என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் சுபேதார் பேச்சை எடுத்தார். ஸ்கோப் வாங்கப் போன இடத்தில் எப்படி நோயைப் பிடித்தார்கள் என்பதை ஊரில் எப்படிச் சொல்லலாம் என்று. சொர்ணம் மருந்துப் புட்டியைப் பையிலிட்டு இறுக்கிக் கட்டினார். "இனிமே கத சொல்லுதது நான். நீரு வாய மூடிட்டுக் கண்ணத் தொறந்து வையும்."

அண்மையில் வந்த வடிவம்

பவர் குறைந்த, கண்ணிடைவெளி மிகுந்த அந்த ஸ்கோப்பையே சுபேதார் எடுத்துக்கொண்டார். போட்டியில் பதக்கம் வரவில்லை. நடுப்பலகையை விட்டு ஒரு குண்டும் விலகவும் இல்லை. அவர் பின்னே சொர்ணம் சொட்டு மருந்தோடு நின்றதை நான் கண்டேன். என்னுடைய பயமோ குறையவில்லை. இப்போது வருகிறவர் எவராயினும் "ஓரம் தெரியவில்லை" என்றால் ஸ்கோப்பை வாங்கி வைத்துவிட்டு, முதலில் ஜன்னத்திடம் அனுப்புகிறேன். அவள் விரலைக் கொண்டுவந்து முடிக்கும்வரை அலமாரியைத் திறப்பதில்லை.

இதற்கிடையே சொர்ணம் சொன்ன கதை வாசுதேவநல்லூரை விட்டுப் புறப்பட்டு வழியில் வளர்ந்திருக்கிறது. சுரண்டையிலிருந்து ஒருவர் தம் தாயாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, அலமாரியைக் காட்டிக் கேட்டார்: "அண்ணாச்சி, சுபேதாருக்குக் கண்ணு நோயக் குணமாக்கின கொழா இங்கனதான் இருக்காம்லா, அத எங்கம்மைக்கு ஒருதடவ வச்சிக் காட்டுங்க."

குழாய்க்கு அஞ்சுவதைவிட அதன் பின்னுள்ள கண்ணுக்காக அஞ்சவேண்டும் என்று இத்தனை பாடுபட்டுத் தெரிந்துகொண்டபின்னும், என் உள்ளங்கை மட்டும் இன்னும் புருவத்துக்கும் குழாய்க்கும் நடுவிலேயே போய் நிற்கிறது.