காதிலிருந்து வால் வரை

எனக்குக் கண் தெரியாது. தினமும் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அலுவலகம் போவேன். இடது கையில் வழிகாட்டி நாயின் கைப்பிடி, வலது கையில் மகளின் விரல்கள். நாய் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நேரத்தில் அதைத் தொடக்கூடாது என்று தெருவில் எல்லோரிடமும் எரிந்து விழுவேன், மகளிடமும்தான்.

அன்றைக்குப் பிரியாணிக் கடை வாசலில் எலும்புக்குக் காத்திருந்த தெருநாய்கள் எங்கள் நாயின் மேல் பாய்ந்தன. மகளின் கையை உதறிவிட்டு, நாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை வீசி அவற்றை விரட்டினார். நான் அங்கேயே நாயைக் காதிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தேன். பாதத்தின் ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு மகள் மெதுவாக நடந்தாள். "வெரசா வா தாயி, நேரமாச்சு," என்று அதட்டினேன்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "பிள்ளைக்கு முட்டியில இம்புட்டுத் தோல் உரிஞ்சு கெடக்கு. நீங்க கூடத்தான இருந்தீங்க?"

நான் உதறிய வேகத்தில் சாக்கடைக் கல்லில் விழுந்திருக்கிறாள். கண் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. நாயையும் நான் கண்ணால் பார்க்கவில்லையே.

"ஏன் தாயி சொல்லல?"

"நீங்க நாயப் பாத்துக்கிட்டு இருந்தீங்கப்பா."

இப்போதெல்லாம் பள்ளி வாசலில் குனிந்து அவள் முழங்காலைத் தேடுகிறேன். அவள் விலகிக்கொள்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நாயப் பாருங்க."