தமிழுக்கு மாற எந்தக் கீ?

மழை நாளில் அந்த அறைக்குள் நுழைந்தால் ஈரக் குடை வாசம் முகத்தில் அடிக்கும்... கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடையின் மேல்மாடி. என் முதல் வேலை அங்கேதான்.

தமிழ் டைப் பண்ண ஒரு சாப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். மூன்று பேர், மூன்று விதக் கணினி. எனக்கு விண்டோஸ். டிசைன் செய்த ரிஸ்வானாவுக்கு மேக். யாழ்ப்பாணத்து சிவநேசன் அண்ணாவுக்கு லினக்ஸ்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற எந்தக் கீ? இந்த ஒரு கேள்விக்கு நான்கு நாள் சண்டை.

நான் கன்ட்ரோல் என்றேன்.

"மேக்ல ஆரும் அதத் தொடுறல்ல. கமாண்ட் வைங்க" என்றாள் ரிஸ்வானா. கமாண்ட்-ஸ்பேஸ் அமர்த்தினால் அவளுடைய மேக்கிலேயே தேடல் பெட்டி வந்து நின்றது.

"ஆல்ட்-ஸ்பேஸ் வையுங்கோ. என்ர மெஷின்ல ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் சிவநேசன் அண்ணா.

எனக்கு அலுத்துவிட்டது. ஆல்ட் என்றால் ஆல்ட். 'அம்மா' என்று நாலு தடவை அடித்துப் பார்த்ததோடு சரி, பாடசாலைகளுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் நாவலப்பிட்டியிலிருந்து போன். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் லலிதா டீச்சர்.

"தங்கச்சி, வினாத்தாள ரெண்டு தடவ அடிச்சிட்டேன். ரெண்டு தடவையும் காணாமப் போச்சு. நாளைக்குக் காலையில பிள்ளைங்க எழுதணும்..."

கம்பளை வழியாக பஸ்ஸில் நின்றபடியே போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தப் பழைய கணினியில் எங்கள் சாப்ட்வேரை விண்டோஸ் முந்திக்கொண்டது. ஆல்ட்-ஸ்பேஸ் அமர்த்தினால் விண்டோஸ் தன் மெனுவைத் திறக்கும். அதில் c என்றால் 'மூடு'. சேமிக்கவா என்று கேட்கும்போது n என்றால் 'வேண்டாம்'. டீச்சர் அடித்த சொல் 'சந்தை'. ஆங்கில எழுத்தில் அடிக்கும் எங்கள் முறையில் அது c-a-n என்று தொடங்கும்!

விசைப்பலகையைக் குனிந்து பார்த்தே அடிப்பவர். நிமிர்ந்தால் திரையில் ஒன்றுமில்லை.

"நான் ஏதும் பிழையா அமத்திட்டேனா?"

"இல்ல டீச்சர். பிழை எங்களோடது."

"எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரி வச்சா என்ன கொறஞ்சா போகும்?"

கையெழுத்துப் பிரதியை அவர் வாசிக்க வாசிக்க, முழு வினாத்தாளையும் நானே அடித்துக் கொடுத்தேன். ஐந்தாவது கேள்விக்கு இருவரும் சிரித்துவிட்டோம்... விடையே கேள்விக்குள் இருந்தது.

கடைசியில், அவரவர் விருப்பப்படி கீயை வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டோம். அதன் பிறகு வந்த போன்களில் பாதி, "எதை வைக்கிறது?" என்றுதான்.

இப்போது பல்லேகலயில் வீட்டிலிருந்தே வேலை. நேற்றும் மீட்டிங்கில் கன்ட்ரோலா கமாண்டா என்று ஒன்றரை மணி நேரம். பாவிக்கிறவர் ஒருவரின் பக்கத்திலாவது உட்கார்ந்து பார்த்தோமா என்று கேட்டேன். புகார் வந்தால் அதற்கொரு டிக்கெட் நம்பர் விழும், அப்போது பார்க்கலாம் என்றார்கள்.

மைக்கை மூடத்தான் கீயை அமர்த்தினேன். வேறு கீ போலிருக்கிறது... என் பெருமூச்சு மீட்டிங்கில் இருந்த பதினொரு பேருக்கும் கேட்டுவிட்டது.