ஒரு கை ரப்பர் கொட்டை

பெண் பார்க்கப் போன வீட்டில், யாரும் கேட்காமலேயே, "நான் ரொம்ப நிதானமான ஆளு" என்று சொல்லி வைத்தேன். நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையில் நிற்க வைத்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். அதைச் சொல்லும்போதே கையிலிருந்த தேநீர்க் கோப்பை சாசரோடு சேர்ந்து கடகடவென்று மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். என் அம்மா என்னைப் பார்த்தார். பெண் மட்டும் கோப்பையைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போனது. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று ஆள் விட்டுக் கேட்டதற்குத்தான் வில்லங்கமான பதில் வந்தது. "ஞாயித்துக்கெழம மத்தியானம் கடைக்கு வரச் சொல்லுங்க. பாத்துட்டு சொல்றேன்."

கடை என்பது புக்கிட் பெருவாங்கில் அவள் அண்ணன் நடத்திய சைபர் கபே. தொண்ணூறுகளின் கடைசியில் கடை வரிசைகளின் மாடியிலெல்லாம் அப்படி ஒன்று முளைத்திருந்தது. படியேறினால் இரண்டு வரிசைக் கம்ப்யூட்டர்கள், ஒரு ஏர்கான், அது ஒழுகுவதற்குக் கீழே ஒரு வாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவில் அவள்தான். நானோ புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். கம்ப்யூட்டர் என்பது சூப்பர்வைசர் மேசையில் இருப்பது, தொட்டால் திட்டு விழும் என்ற அளவுக்குத்தான் பழக்கம். ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன்.

அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இங்க வர்றவனுங்க போக்கர்னு ஒரு சீட்டு ஆடுவானுங்க. காசு கெடையாது, அதுக்குப் பதிலா பொய்ச் சில்லுதான். ஆனா சில்லு கொறைய ஆரம்பிச்சா ஒருத்தனும் மனுசனா இருக்க மாட்டான். போன வாரம் ஒருத்தன் சிபியுவ ஒதைச்சிட்டுப் போனான். நீங்கதான் நிதானமான ஆளாச்சே. ஆடுங்க, பாப்போம்."

அவள் அண்ணன் பக்கத்தில் நின்று கழுத்தைச் சொறிந்தார். "நா ஒன்னும் சொல்லல பாஸ். எல்லாம் அவ ஐடியா."

ஆட்டத்தில் படம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும். சீட்டுப் போடுவது ஏதோ ஒரு ப்ரோகிராம். கூட ஆடுகிறவர்கள் எந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. அவர்கள் வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் மனிதர்களா, மோட்டார் எண்ணெய் டப்பாவா என்று சந்தேகம் வரும். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. பெரும்பாலும் ஒரே மாதிரிச் சீட்டு அதிகம் சேர்ந்தவனுக்குத்தான் ஜெயிப்பு. பிடித்தால் பந்தயம் கட்டலாம், பிடிக்காவிட்டால் சீட்டைப் போட்டுவிடலாம். ஆனால் முறை வரும்போது, சீட்டு நல்லதோ கெட்டதோ, ஒரு பங்கைக் கட்டாயம் கட்ட வேண்டும். அந்தக் கட்டாயப் பங்கு சில நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சில்லு தீர்ந்தால் வெளியே. அண்ணன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது. கீபோர்டு ரொம்ப தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றியதால் அதை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

எடுத்த எடுப்பில் எனக்கு இரண்டு ராஜா வந்தது. ராஜா வந்தால் ஊரே நமதென்று அள்ளிக் கட்டினேன். எங்கோ இருந்த ஒரு எண்ணெய் டப்பாவுக்கு நடுச் சீட்டோடு சேர்த்து மூன்று ஏழு அமைந்தது. என் சில்லில் முக்கால்வாசி போனது.

"சபார் பாஸ், சபார்," என்றார் அண்ணன், மலாயில். பொறுமை சொல்லியா கொடுக்க வேண்டும்? எனக்கு அது நான் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டிலேயே பழகிய பாடம்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு சாவு விழுந்தால் பந்தலுக்கு அடியில் சீட்டு நடக்கும். எடுக்கும் வரைக்கும் ஆட்கள் கலையாமல் இருக்க அது ஓர் ஏற்பாடு. துக்க வீட்டில் காசு வைத்து ஆடக் கூடாது என்பதால் ரப்பர் கொட்டைதான் பந்தயம். கொட்டை குறைந்தவன் கெஞ்சக் கூடாது, முனகக் கூடாது, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தால், குவித்து வைத்திருப்பவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஒரு கை அள்ளி அவன் பக்கம் தள்ளிவிடுவார். ஒருவன் எழுந்து போனால் ஆட்டம் கலையும், ஆட்டம் கலைந்தால் ஆள் கலையும். எந்தத் துக்க வீட்டிலும் என்னைப்போல் அழகாகத் தோற்றவன் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு கை கொட்டை எனக்கு வந்து சேரும்.

ஆகவே அசையாமல் உட்கார்ந்தேன். வந்த சீட்டையெல்லாம் போட்டேன். கட்டாயப் பங்கு என் சில்லைக் கரையான் மாதிரி அரித்துக்கொண்டிருந்தது. வாளியை மாற்ற வந்த அவள் நின்றாள்.

"என்னா, தூங்கிட்டீங்களா?"

"நிதானமா இருக்கேன்."

"சில்லு கொறையுதே."

"கொறையட்டும். பதட்டப்படக் கூடாது."

"சும்மா இருக்கறது நிதானமா? அப்பன்னா அந்த வாளிதான் இங்கயே பெரிய நிதானம்."

அண்ணன் குனிந்து காதருகே சொன்னார். "பாஸ், நல்ல சீட்டா ஒன்னு பாத்து இருக்கறத மொத்தமா தள்ளிடுங்க. இப்ப தள்ளுனா எதிர்ல இருக்கறவன் யோசிப்பான். இன்னும் ரெண்டு சுத்து போச்சுன்னா நீங்க தள்றது அவனுக்குத் தும்மல் மாதிரி."

"அண்ணா, நீ சொல்லிக் குடுக்காத. அவரா ஆடட்டும்."

எனக்குத் தலை சுற்றியது. தள்ளினால் அவசரக்காரன். தள்ளாவிட்டால் வாளி. தள்ளித் தோற்றால் அவசரக்கார முட்டாள். காத்திருந்து தோற்றால்? அதற்குப் பெயர் பொறுமையா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. நிதானம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, இல்லை ஜெயித்தவன் பிறகு உட்கார்ந்து வைத்துக்கொள்ளும் பெயரா அது? இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் பங்கு மறுபடியும் இரட்டிப்பானது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அசையாமல் இருப்பது திரைக்குள் ஆடுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? என் முகத்தை யாரும் பார்க்கவில்லையே. அதனால்தான் இன்னும் ஒருவரும் அள்ளித் தள்ளவில்லை. ஆட்டத்துக்கு நடுவே பேசிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. மலை மாதிரிச் சில்லு குவித்திருந்த அந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். 'பிரதர், என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஒரு கை இந்தப் பக்கம் தள்ளுலா.'

திரையில் சிரிப்புச் சிரிப்பாக வரிகள் ஏறின. ஒருவன் வெறும் கேள்விக்குறி போட்டான். இன்னொருவன் எனக்கு உடம்பு சரியில்லையா என்று அன்போடு விசாரித்தான். அண்ணன் கல்லாவுக்குப் போய்த் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவள் வந்து படித்தாள். "என்னாது இது?"

ரப்பர் கொட்டைக் கதையைச் சொன்னேன். அவள் வாயோரம் லேசாக இழுபட்டது. சிரிப்பா, பல்வலியா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"அது ஆட்டம் முடியக் கூடாதுன்னு ஆடறது," என்றாள். "இது முடிக்கறதுக்குன்னே ஆடறது. ஒங்களுக்கு யாரும் தள்ள மாட்டாங்க. நீங்கதான் தள்ளணும்."

அடுத்த சுற்றில் ராணியும் பத்தும் வந்தன. மகா சீட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் இதைவிட நல்லது வரும்வரை என் சில்லு உயிரோடு இருக்காது என்பது எனக்கே புரிந்தது. மொத்தத்தையும் தள்ளினேன். ஒருவன் எதிர்த்து வந்தான். நடுவில் ஒரு பத்து விழுந்தது. என் சில்லு இரண்டு மடங்கானது. அப்போதும் அது எண்ணெய் டப்பாவின் குவியலுக்கு முன்னால் எறும்புதான், ஆனால் கொஞ்சம் சாப்பிட்ட எறும்பு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் கல்லாவுக்குத் திரும்பிப் போகவில்லை என்பதையும் கவனித்தேன்.

அதற்கடுத்து ஏஸும் ராஜாவும். இதை யோசிக்கவே தேவையில்லை, தள்ளினேன். எண்ணெய் டப்பா எதிர்த்து வந்தது. அதன் கையில் வெறும் ஒரு ஜோடி இரண்டு. நடுவில் ஐந்து சீட்டும் ஒவ்வொன்றாக விழுந்தன. ஏஸும் இல்லை, ராஜாவும் இல்லை. தவறாக ஆடியபோது ஜெயித்தேனா, சரியாக ஆடியபோது தோற்றேனா, இல்லை இரண்டுமே சரிதானா? நான் வெளியே என்று திரை ஒரே வரியில் சொல்லிவிட்டு மற்றவர்களோடு ஆட்டத்தைத் தொடர்ந்தது.

நான் ஒன்றையும் உதைக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. பார்க்கச் சாந்தமாகத்தான் இருந்தது. அந்த முகம் கலைவதற்குள் அவள் பக்கம் திரும்பினேன்.

"பாத்தீங்களா, தோத்தாலும் எவ்ளோ நிதானம். சொல்லுங்க, உம்பாய்க் கடற்கரைக்கு மீன் சாப்பிட எப்ப போலாம்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கோப்பையைப் பார்த்த மாதிரியே என் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"மொதல்ல அந்தக் கடகடங்கற கீபோர்ட கீழ வைங்க."